இராமானுஜனின் பட்டியலில் விடுபட்ட ஓர் எண்

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு முறையும் எமது ஊர்களில் இரண்டு காட்சிகளைக் காணலாம். ஒன்று, ஒன்பது பாடங்களிலும் ‘ஏ’ பெற்ற பிள்ளைகளின் படங்கள். பாடசாலை மதிலில் பதாகை, முகநூலில் வாழ்த்து, பள்ளிவாசல் முற்றத்தில் பாராட்டுப் பேச்சு. மகிழ்ச்சியான காட்சிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

மற்றக் காட்சியை யாரும் படம் பிடிப்பதில்லை. பெறுபேற்றைப் பார்த்துவிட்டுக் கைபேசியை அணைத்து வைக்கும் பிள்ளை. ஒன்றும் பேசாமல் தேநீர் ஊற்றும் உம்மா. அடுத்த வாரமே தெரிந்தவர் ஒருவரின் கடையில் வேலைக்குப் பேசி முடிக்கும் வாப்பா. அத்தோடு அந்தப் பிள்ளையின் பெயர் எங்கள் பேச்சிலிருந்து போய்விடுகிறது.

நான் மாத்தளை மாவட்டத்தில் கணிதம் கற்பிக்கும் ஓர் ஆசிரியன். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து வெளியேறி இருபது ஆண்டுகளாகின்றன. இந்த இரண்டாவது காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மனிதரின் வாழ்க்கையும் ஒரு பெரிய எண்ணும் நினைவுக்கு வரும். மனிதர் சீனிவாச இராமானுஜன். எண் 6,746,328,388,800.

இராமானுஜன் என்றதும் பலருக்கு 1729 என்ற வாடகைக் கார் இலக்கம்தான் ஞாபகம் வரும். 1 இன் கனமும் 12 இன் கனமும் சேர்ந்தால் 1729. 9 இன் கனமும் 10 இன் கனமும் சேர்ந்தாலும் 1729. இப்படி இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான். நானும் வருடாவருடம் வகுப்பில் இதைச் சொல்வேன். ஆனால் பரீட்சையில் தோற்ற பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய கதை அதுவல்ல. அது நான் மேலே எழுதிய பெரிய எண்ணில் இருக்கிறது.

புடவைக்கடை எழுதுவினைஞரின் மகன்

இராமானுஜன் 1887 டிசம்பர் 22 இல் ஈரோட்டில், தாயின் பெற்றோர் வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை ஒரு புடவைக்கடையில் கணக்கு எழுதியவர். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடிச் சிறிது சம்பாதித்தார். வருமானம் போதாததால் வீட்டில் மாணவர்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார்கள். எமது ஊர்களில் எத்தனையோ வீடுகளின் நிலைமை இதுதான்.

1897 இல் ஆரம்பப் பரீட்சையில் தஞ்சாவூர் மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றார். அடுத்த ஆண்டு டவுன் உயர்நிலைப் பாடசாலையில் சேர்ந்தார். பதினைந்து, பதினாறு வயதில் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் ஒன்று கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்களை வரிசையாகத் தந்து, நிறுவல்களைப் பெரும்பாலும் விட்டுவிட்ட நூல் அது. பரீட்சைக்குத் தயாராகும் மாணவர்களுக்காக எழுதப்பட்டது. இராமானுஜன் அதிலுள்ளவற்றை ஒவ்வொன்றாகத் தானே நிறுவிப் பார்க்கத் தொடங்கினார். அந்தப் பழக்கம் கடைசிவரை அவரை விடவில்லை.

1904 இல் பரிசும் புலமைப்பரிசிலும் பெற்றுக் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரிக்குள் நுழைந்தார். அங்கேதான் சறுக்கினார். கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் ஒட்டவில்லை. ஆங்கிலத்தில் தோற்றார். புலமைப்பரிசில் பறிபோனது. அவமானம் தாங்காமல் 1905 இல் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே எஃப்.ஏ. பரீட்சை எழுதினார். இன்றைய எங்கள் உயர்தரத்தைப் போன்றதொரு படி அது. 1906 இலும் தோல்வி, 1907 இலும் தோல்வி. இம்முறை காலை வாரியது உடலியல்.

இருபது வயது இளைஞன். பட்டம் இல்லை, வேலை இல்லை. தாள் வாங்கப் பணமில்லாமல் கற்பலகையில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் கொப்பியில் எழுதி வைத்தார். 1909 இல் திருமணம். அடுத்த ஆண்டு சத்திரசிகிச்சை ஒன்று தேவைப்பட்டபோது கையில் காசில்லை. மருத்துவர் ஒருவர் இலவசமாகச் செய்துகொடுத்தார்.

இந்த இடத்தில் கதை முடிந்திருக்க எல்லா நியாயமும் இருந்தது. கணக்கு வரும், மற்றது வராது, பரீட்சையில் சித்தியில்லை, கடையில் சேர்த்துவிடுங்கள் என்று ஊர் சொல்லியிருக்கும்.

கைகொடுத்தவர்கள்

கதை முடியாமல் தொடர்ந்ததற்குச் சிலர் காரணம். 1910 இல் திருக்கோவிலூரில் உதவிக் கலெக்டராக இருந்த வி. இராமஸ்வாமி ஐயரிடம் இராமானுஜன் ஒரு சிறிய வேலை கேட்டுப் போனார். கொப்பிகளைப் புரட்டிப் பார்த்த ஐயர், இவ்வளவு திறமையுள்ளவனை வருமானத் திணைக்களத்தின் கீழ்நிலை வேலையில் போட்டு மழுங்கடிக்கக் கூடாது என்று நினைத்தார். சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்தக் கடிதங்களின் வழியே நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவை அடைந்தார். முதலில் நம்பத் தயங்கிய ராவ், பிறகு மாதம் 25 ரூபாய் தன் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தார். 1912 இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரி நாராயண ஐயர் இரவில் அவரோடு சேர்ந்து கணக்குப் போட்டார். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருக்காகப் பரிந்து பேசினார்.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு இராமானுஜன் எழுதிய கடிதம் உலகப் புகழ் பெற்றது. அதற்கு முன் வேறு இரண்டு கணிதவியலாளர்களுக்கும் எழுதியிருந்தார். அவர்களால் பயன் கிடைக்கவில்லை. ஹார்டி கடிதத்தை ஒதுக்கி வைக்கவில்லை. 1914 மார்ச் 17 இல் இராமானுஜன் சென்னையில் கப்பலேறினார். ஏப்ரலில் இலண்டன் போய்ச் சேர்ந்தார். சில மாதங்களில் முதலாம் உலகப் போர் மூண்டது.

இந்தப் பெயர்களை வேண்டுமென்றே வரிசையாக எழுதினேன். இவர்களில் யாரும் அந்த நேரத்தில் ஓர் உலக மேதையை வளர்க்கிறோம் என்று நினைத்துச் செய்யவில்லை. ஒருவர் கடிதம் எழுதினார், ஒருவர் 25 ரூபாய் கொடுத்தார், ஒருவர் இரவில் கூட உட்கார்ந்தார். இவர்களில் ஒருவர் விலகியிருந்தாலும் அடுத்தவரிடம் அவர் போய்ச் சேர்ந்திருப்பாரா என்பது சந்தேகமே.

24 ஏன், 25 ஏன் இல்லை?

இனி அந்த எண்ணுக்கு வருவோம். அதை எனக்கு அறிமுகப்படுத்தியது ஒரு மாணவனின் கேள்வி.

மாத்தளையிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே போகும்போது இரு பக்கமும் வாசனைத் திரவியத் தோட்டங்களைக் காணலாம். மிளகு, கராம்பு, கறுவா, சாதிக்காய் எங்கள் மாவட்டத்தின் பிழைப்பு. நான் முன்னர் கற்பித்த ஒரு பாடசாலையில், தரம் 10 இல் ஒரு மாணவன் இருந்தான். அவனுடைய வாப்பா மிளகுத்தூள் பொதி செய்யும் இடமொன்றில் வேலை செய்தார். ஒருநாள் காரணிகள் பற்றிய பாடத்தின்போது அவன் எழுந்து, பெட்டிக்குள் ஏன் 24 பக்கெட் அடுக்குகிறார்கள், கணக்குப் பார்க்கச் சுலபமாக 25 போடலாமே என்று கேட்டான். நான் யோசிப்பதற்குள் அவனே விடையையும் சொன்னான். 24 ஐ 2 வரிசை, 3 வரிசை, 4 வரிசை, 6 வரிசை என்று எப்படியும் அடுக்கலாம். 25 ஐ ஐந்தைந்தாகத்தான் அடுக்கலாம்.

அதைத்தான் இராமானுஜன் ஆராய்ந்தார். 24 இற்கு 1, 2, 3, 4, 6, 8, 12, 24 என எட்டுக் காரணிகள். 24 ஐ விடச் சிறிய எந்த எண்ணுக்கும் எட்டுக் காரணிகள் கிடையாது. இப்படித் தனக்கு முன்னுள்ள எல்லா எண்களையும் விட அதிக காரணிகளைக் கொண்ட எண்களுக்கு இராமானுஜன் தனிப் பெயர் வைத்தார். தமிழில் உயர் பகு எண்கள் என்பார்கள். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று அந்தப் பட்டியல் போகிறது. டசின், ஒரு நாளின் மணித்தியாலங்கள், ஒரு மணித்தியாலத்தின் நிமிடங்கள், வட்டத்தின் பாகைகள் எல்லாம் இதற்குள் இருக்கின்றன. பங்கு பிரிக்க இலகுவான எண்களை மனிதர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

எமக்கும் இது அந்நியமல்ல. வாரிசுரிமைக் கணக்கில் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கும் தந்தைக்கும் தலா ஆறில் ஒன்று, மிகுதி பிள்ளைகளுக்கு என்று வரும்போது சொத்தை 24 பங்காக்குகிறோம். மனைவிக்கு 3, தாய்க்கு 4, தந்தைக்கு 4, பிள்ளைகளுக்கு 13. மதரஸாவில் ஓதும் பிள்ளை இதைச் செய்யும்போது பொது மடங்குகளுட் சிறியதைத்தான் காண்கிறது. 14 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த பாரசீக அறிஞர் கமாலுத்தீன் அல் பாரிஸி, காரணிகளை ஆழமாக ஆராய்ந்து 17,296 உம் 18,416 உம் நட்பு எண்கள் என்று காட்டினார். அதாவது ஒன்றின் காரணிகளில், அதே எண்ணைத் தவிர்த்து, ஏனையவற்றைக் கூட்டினால் மற்றையது வரும். கணிதம் எங்களுக்கு வராது என்று சொல்லிக்கொள்ளும் சமூகத்துக்கு இப்படியொரு சொத்தும் இருக்கிறது.

இராமானுஜன் இந்த எண்களின் உள்ளமைப்பைக் கண்டார். ஓர் உயர் பகு எண்ணை முதன்மை எண்களாகப் பிரித்தால் 2, 3, 5, 7, 11 என்று வரிசை தப்பாமல் வரும். நடுவில் ஒன்றைத் தாண்ட முடியாது. ஏன்? 2 × 2 × 5 = 20 ஐப் பாருங்கள். இதில் 3 தாண்டப்பட்டிருக்கிறது. காரணிகள் ஆறு. 5 ஐ எடுத்துவிட்டு 3 ஐப் போட்டால் 12. அதற்கும் காரணிகள் ஆறுதான், எண்ணோ சிறியது. ஆகவே 20 தோற்றுவிடுகிறது. அத்தோடு சிறிய முதன்மை எண்களின் அடுக்கு, பெரியவற்றின் அடுக்கை விடக் குறையாது. கடைசி முதன்மை எண் ஒரு தடவைதான் வரும். 4 உம் 36 உம் மட்டுமே இதற்கு விதிவிலக்கு.

1915 இல் இலண்டன் கணிதச் சங்கத்தின் சஞ்சிகையில் இந்த ஆய்வு நீண்ட கட்டுரையாக வெளிவந்தது. போர்க்காலச் செலவும் சங்கத்தின் பணமுடையும் காரணமாக எழுதியதில் ஒரு பகுதி அச்சேறவில்லை. அது 1997 இல்தான் அச்சில் வந்தது. இந்தத் துறை கணிதத்தின் பெரும் பாதையிலிருந்து சற்று ஒதுங்கியது என்று ஹார்டி கருதினார். ஆனாலும் அதில் தெரிந்த திறமையை மதித்தார். 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் இந்த ஆய்வுக்காகவே இராமானுஜனுக்குப் பட்டம் வழங்கியது. எஃப்.ஏ. பரீட்சையில் இரண்டு தடவை தோற்றவரின் முதல் பட்டம் அது.

விடுபட்டது

அந்தக் கட்டுரையில் இராமானுஜன் ஒரு நீண்ட அட்டவணையைத் தந்திருந்தார். கணினி இல்லாத காலம். எல்லாம் கையால் கணித்தவை. அட்டவணையின் கடைசி எண்தான் 6,746,328,388,800. இதில் 2 ஆறு தடவையும், 3 நான்கு தடவையும், 5 உம் 7 உம் இரண்டிரண்டு தடவையும், 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவையும் பெருக்கப்பட்டிருக்கின்றன. பிள்ளைகள் அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்கிப் பார்க்கலாம். 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2. விடை 10,080. அதாவது இந்த எண்ணுக்குப் பத்தாயிரத்து எண்பது காரணிகள். இதற்குக் கீழே உள்ள 6.7 ட்ரில்லியன் எண்களில் எதற்கும் இத்தனை காரணிகள் இல்லை.

ஆனால் அந்த அட்டவணையில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது. பின்னால் வந்தவர்கள் சரிபார்த்தபோது தெரிய வந்தது. அது 293,318,625,600. அதற்கு 5,040 காரணிகள்.

இதை வாசித்த இரவு நான் ஒரு தாளை எடுத்து அந்த விடுபட்ட எண்ணை 23 ஆல் பெருக்கினேன். வந்த விடை 6,746,328,388,800. அட்டவணையின் கடைசி எண்ணே! இராமானுஜன் எழுதி முடித்த மிகப் பெரிய எண்ணுக்குள்ளேயே அவர் எழுத மறந்த எண்ணும் இருந்தது. கடைசி எண்ணின் காரணிகளில் சரிபாதி, விடுபட்ட எண்ணின் காரணிகள்.

எண்களோடு அவ்வளவு நெருக்கமாக வாழ்ந்த மனிதரின் பட்டியலிலேயே ஒன்று விடுபட்டது. அதனால் அந்த எண்ணின் தகுதி குறையவில்லை. பட்டியலில் இல்லாவிட்டாலும் அதற்கு 5,040 காரணிகள் இருக்கத்தான் செய்தன.

என் பட்டியல்

24 பற்றிக் கேட்ட அந்த மாணவனும் விடுபட்டவன்தான். கணிதத்தில் வகுப்பிலேயே முன்னணியில் நின்றான். மொழியும் வரலாறும் அவனுக்கு வரவில்லை. சித்தி வீதத்தைக் கூட்டுவது பற்றிய ஆசிரியர் கூட்டமொன்றில் அவனுடைய பெயரும் அடிபட்டது. வாப்பாவை அழைத்து, ஏதாவது தொழிலில் சேர்ப்பது நல்லது என்று சொல்வதாக முடிவாயிற்று. அந்த அறையில் நானும் இருந்தேன். அவனுடைய கேள்வியைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாலையில் ஒரு மணித்தியாலம் மொழிப்பாடத்துக்கு அவனுக்கு உதவ ஒருவரைக் கேட்டிருக்கலாம். நான் வாய் திறக்கவில்லை. வருட இறுதி, வேலைப்பளு, எனக்கேன் வம்பு என்று இருந்துவிட்டேன்.

இன்று அவன் புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்கிறான். நல்ல பிள்ளை, உழைத்துச் சாப்பிடுகிறான், வீட்டையும் பார்க்கிறான். கடை வேலையை நான் தாழ்வாகச் சொல்லவில்லை. இராமானுஜனின் தந்தையும் அந்த வேலைதான் பார்த்தார். ஒரு பெருநாள் விடுமுறையில் பஸ் தரிப்பிடத்தில் கண்டபோது, சேர், துணிச் சுருளின் மீதியை அளக்காமலே சொல்லிவிடுவேன் என்று சிரித்தான். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபின் சிரிக்க முடியவில்லை. அந்தப் பெரிய எண்ணை அவனுக்கு நான் காட்டியதே இல்லை.

இராமானுஜனின் கடைசி ஆண்டுகள் துயரமானவை. 1917 இலிருந்து நோயாளியாக வைத்தியசாலைகளில் கிடந்தார். 1918 இல் றோயல் சொசைட்டியும் டிரினிட்டி கல்லூரியும் அவரை அங்கத்தவராக ஏற்றுக் கௌரவித்தன. 1919 இல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26 இல் சென்னையில் மரணித்தார். வயது 32. நோயிலும் கணக்கு எழுதுவதை நிறுத்தவில்லை. அந்தத் தாள்கள் 1976 இல் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டு இன்றுவரை ஆராயப்படுகின்றன.

எமது ஊர்ப் பிள்ளைகளெல்லாம் இராமானுஜன் ஆவார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பிள்ளைகளுக்குச் செய்யும் இன்னொரு அநியாயம். நான் கேட்பது சிறிய விடயம். பெறுபேறு வந்த வாரத்தில் சித்தியடைந்தவர்களின் பட்டியலோடு சித்தியடையாதவர்களின் பட்டியலையும் எடுப்போம். பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் பள்ளிவாசல் நிர்வாகமும் ஒரு மாலை ஒன்றாக உட்காரட்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இந்தப் பிள்ளைக்கு எது வரும் என்று ஒரு வரி எழுதட்டும். வராத பாடத்தை அடுத்த முறை தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். தொழிற்கல்விப் பாதைகளும் இருக்கின்றன. வாப்பாமார்களுக்கு இவற்றை எடுத்துச் சொல்லவும், விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கவும், மாலையில் ஒரு மணித்தியாலம் கூட உட்காரவும் ஒவ்வொருவர் தேவை. இராமானுஜனுக்குக் கிடைத்தவர்களும் தொடக்கத்தில் அவ்வளவைத்தான் செய்தார்கள்.

இம்முறை பெறுபேறு வந்ததும் என் வகுப்பின் இரண்டாவது பட்டியலை நானே எழுதுவதாக இருக்கிறேன். அதன் முதல் வரியில், பல வருடங்களுக்கு முன் விடுபட்ட ஒரு பெயரை எழுதப் போகிறேன். புறக்கோட்டைக்குப் போய் அவனைச் சந்தித்து, மொழிப்பாடத்தை மறுபடி எழுத விருப்பமா என்று கேட்க வேண்டும். அவன் மறுக்கலாம். ஆனாலும் நான் போவேன், இன்ஷா அல்லாஹ். போகும்போது அந்தப் பெரிய எண்ணையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போவேன்.